முன்பனிக் காலத் திருநாள்களும் நம் மண்ணும்

(பொன்விழா ஆயத்தக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



திருவருகைக் காலம் பிறக்க இன்னும் சில வாரங்களே உள்ளன. அதைத் தொடர்ந்து கிறிஸ்து பிறப்பு விழா, புத்தாண்டு, மூன்று அரசர்கள் திருநாள், தைப்பொங்கல், அதன்பின் பொன்விழா நிறைவு என்று மார்கழியும் தையும் நமக்குத் திருநாள்களால் நிறைந்து கிடக்கின்றன. விழாக் குழுவினர் கேரல் பவனிக்கு வண்டி, பந்தல், விளக்கு, விருந்து என்று பட்டியல் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பட்டியலில் இன்னும் ஒரு தலைப்பைச் சேர்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ளவே இன்று நாம் உங்கள் முன் நிற்கிறோம். விழா முடிந்த மறுநாள் காலையில் நம் மணலியின் காற்றும் நீரும் நிலமும் எந்த நிலையில் இருக்கும் என்பதே அந்தத் தலைப்பு.

யூபிலி யாருக்கு?

பொன்விழா என்று நாம் தமிழில் அழகாகச் சொல்கிறோம். வேதாகமத்தில் இதற்கு வேர் லேவியர் ஆகமத்தின் 25-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆட்டுக்கடாவின் கொம்பை ஊதி ஐம்பதாம் ஆண்டை அறிவிக்க வேண்டும் என்று ஆண்டவர் மோசேக்குக் கட்டளையிட்டார். அந்தக் கொம்பின் எபிரேயப் பெயரிலிருந்தே யூபிலி என்னும் சொல் பிறந்தது. அந்த ஆண்டில் நடக்க வேண்டியவை எவை? அடிமைகள் விடுதலை பெற வேண்டும். இழந்த நிலம் அதன் குடும்பத்தாருக்குத் திரும்ப வேண்டும். மூன்றாவதாக, விதைப்பும் அறுப்பும் நின்று நிலம் ஓய்வு கொள்ள வேண்டும்.

இந்த மூன்றாவதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். யூபிலி ஆண்டில் களைப்பாறும் உரிமை மனிதனுக்கு மட்டுமன்று, மண்ணுக்கும் உண்டு. அப்படியிருக்க, ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லி, மற்ற ஆண்டுகளில் போடாத அளவு குப்பையை இந்த மண்ணின் தலையில் கொட்டினால், யூபிலியின் பொருளையே நாம் தலைகீழாக்கியவர்கள் ஆவோம். தொடக்கநூலின் இரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் ஆதி மனிதனைத் தோட்டத்தில் வைத்தபோது, அதைப் பண்படுத்தவும் காக்கவும் வைத்தார் என்றே வாசிக்கிறோம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் 2015-ஆம் ஆண்டில் எழுதிய ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலும் மண்ணின் துயரத்தையும் ஏழையின் துயரத்தையும் பிரித்துப் பார்க்கலாகாது என்றே போதிக்கிறது. ஆகவே இந்தத் தலைப்பு விசுவாச வாழ்வுக்கு வெளியே உள்ளதென்று யாரும் எண்ண வேண்டாம்.

நம் ஊரின் முன்பனிக் காலம்

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்து, மார்கழியையும் தையையும் முன்பனிக் காலம் என்றனர். மற்ற ஊர்களுக்கு இது கோலமும் பூசணிப்பூவும் கரும்பும் நினைவுக்கு வரும் காலம். வட சென்னையின் மக்களாகிய நமக்கு வேறு சில நாள்களும் நினைவுக்கு வருகின்றன. அவற்றை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்ப்போம்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சுனாமி வந்தது. நம் கடற்கரைக் குப்பங்கள் உயிரையும் உடைமையையும் இழந்தன. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை முழுவதும் வெள்ளத்தில் மூழ்கியது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் நகரின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. 2017 ஜனவரி 28-இல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதியதால் எண்ணெய் கொட்டி, கரையில் கெட்டித் தாராகத் திரண்டது. மீனவரும் மாணவரும் அதை வாளியில் அள்ளினர். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது நம் மணலியின் ஓர் ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றையும் எண்ணூர் முகத்துவாரத்தையும் அடைந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி, பறவையின் சிறகு எல்லாவற்றிலும் எண்ணெய் ஒட்டியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது. அந்த ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின்போது முகத்துவாரத்து மீனவர் பலர் தொழிலின்றி இருந்தனர். அதே டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர்.

அன்பார்ந்தவர்களே, யாரையும் அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை. நமக்கு விழாக் காலமாக இருக்கும் அதே வாரங்கள்தாம் இந்த மண்ணுக்குச் சோதனைக் காலமாகவும் இருந்து வந்திருக்கின்றன. நோயாளி படுத்திருக்கும் வீட்டில் நடக்கும் விசேஷத்தை எப்படி நடத்துவோமோ, அப்படித்தான் இங்கே நாம் விழா எடுக்க வேண்டும். விசேஷத்தை நிறுத்த வேண்டாம். நோயாளியை மறவாதிருந்தால் போதும்.

பனிக்காலத்துப் புகை

காற்றைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. சாதாரணமாகத் தரையை ஒட்டிய காற்று சூடாக இருக்கும். அது மேலெழும்பும்போது புகையையும் தூக்கிச் செல்லும். மார்கழி, தை இரவுகளில் தரை விரைவில் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த கனத்த காற்று கீழேயும் வெதுவெதுப்பான காற்று மேலேயும் நிற்பதால், அடுப்புக்கு மூடி போட்டாற்போல் புகை தரையோடு தங்கிவிடுகிறது. சித்திரையில் எரித்தால் சிறிது நேரத்தில் கலைந்துவிடும் புகை, தையில் விடியும்வரை நம் சந்திலேயே நிற்கும். 2018-இல் போகியன்று காலை சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. வானில் பறக்கும் விமானத்துக்கே வழி தெரியவில்லை என்றால், அந்தப் புகைக்குள் பாயில் படுத்திருந்த கைக்குழந்தையின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

நம் மணலியின் காற்றோ ஏற்கெனவே பாரம் சுமக்கும் காற்று. 1969-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், 1971-இல் உர ஆலையும் இங்கே இயங்கத் தொடங்கின. அவற்றைச் சுற்றி மற்ற ஆலைகள் எழுந்தன. 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழில் பகுதிகளை மதிப்பிட்டபோது, 70-க்கு மேல் பெற்றவை மிக மோசமாக மாசடைந்தவை என்று வகுத்தது. மணலி 76.32 பெற்றது. இது நாம் பெருமைப்படத்தக்க மதிப்பெண் அன்று.

‘ஆலைப் புகைக்கு முன் நம் நட்சத்திரம் எம்மாத்திரம்?’

இங்கே உங்களில் சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழுவதை நாம் அறிவோம். “சாமி, நாள் முழுவதும் புகைபோக்கி ஊதிக்கொண்டிருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை நாங்கள் வைக்கும் குடிலிலும் விளக்கிலும்தானா குற்றம்?” என்று கேட்கிறீர்கள். இது நியாயமான கேள்வி. இதை மழுப்பக் கூடாது.

முதலாவதாக, ஆலை செய்யும் தீங்குக்கு ஆலையே பதில் சொல்ல வேண்டும். ஏழையின் வீட்டுக் குப்பையைக் காட்டிப் பெரியவர்கள் தப்பிக்க விடலாகாது. புதிய ஆலை அல்லது விரிவாக்கம் வரும்போது மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை வழி செய்கிறது. அங்கே போய்ப் பேசுவது நம் உரிமை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் புகார் எழுதுவதும் நம் உரிமை. நம்மில் பலர் அந்த ஆலைகளிலேயே நிரந்தரமாகவோ ஒப்பந்தத்திலோ வேலை செய்கிறோம் என்பதால், பேசுவது எளிதன்று என்பதும் தெரியும். அதனால்தான் தனி ஆளாக அல்லாமல் பங்காகப் பேச வேண்டும் என்கிறோம்.

இரண்டாவதாக, அப்படிப் பேசப் போகிறவர்களின் சொந்த முற்றம் சுத்தமாக இருக்க வேண்டும். கோயில் வாசலில் தெர்மாகோல் எரிந்த சாம்பலை வைத்துக்கொண்டு, மாசு பற்றி அதிகாரியிடம் முறையிட்டால் அவர் சிரிக்கமாட்டாரா?

மூன்றாவதாக, ஆலையின் புகைபோக்கி உயரத்தில் இருக்கிறது. தெருவில் எரியும் டயரின் புகையும் பிளாஸ்டிக்கின் புகையும் முதலில் நுழைவது நம் பிள்ளையின் மூக்கில்தான். ஆலையைத் திருத்த ஆண்டுகள் ஆகலாம். இதைத் திருத்த இன்று மாலையே போதும்.

இனிக் காரியத்துக்கு வருவோம்.

குடிலும் நட்சத்திரமும்

1223-ஆம் ஆண்டு கிரேச்சோ என்னும் சிற்றூரில் புனித பிரான்சிஸ் அசிசியார் கிறிஸ்து பிறப்புக் காட்சியை அமைத்தார். அவர் கேட்டவை ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. அந்த வைக்கோலைப் பின்னர் கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள் என்று அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ தோமா குறிப்பிடுகிறார். விழாவும் நடந்தது, மிச்சமும் பயன்பட்டது. குப்பை என்று ஒன்று இல்லை.

நம் குடில்களைப் பாருங்கள். தெர்மாகோல் மலை, தெர்மாகோல் பனி, பளபளக்கும் பிளாஸ்டிக் தாள்! பெத்லகேமில் தெர்மாகோல் இல்லை. மணலியில் பனி பெய்வதும் இல்லை. அலங்காரத்துக்கான தெர்மாகோலை மத்திய அரசு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்துவிட்டது. ஆகவே இவ்வாண்டு பங்குக் குடிலும் அன்பியக் குடில்களும் வைக்கோல், மூங்கில், தென்னங்கீற்று, பனையோலை, மண், பழைய சாக்கு ஆகியவற்றால் அமையட்டும். குடில் போட்டிக்கு மதிப்பெண் போடும்போது, விழா முடிந்தபின் எது எங்கே போகும் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. நட்சத்திரங்களை மூங்கில் குச்சியும் காகிதமும் கொண்டு இளைஞர்கள் செய்யலாம். மறைக்கல்வி வகுப்பில் சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.

ஓர் எச்சரிக்கை. வீட்டில் ஏற்கெனவே பிளாஸ்டிக் மரமும் நட்சத்திரமும் வைத்திருப்பவர்கள் இந்த உரையைக் கேட்டுவிட்டு அவற்றைத் தெருவில் எறிய வேண்டாம். அது குப்பையைக் கூட்டுவதே ஆகும். துடைத்து, காகிதத்தில் சுற்றி, பரணில் வைத்து, இன்னும் பத்து ஆண்டு பயன்படுத்துங்கள்.

விளக்கு

ஒரு சிறு கணக்கு போடுவோம். ஆயிரம் வாட் ஹாலோஜன் விளக்குகள் பத்து. இரவுக்கு ஆறு மணி நேரம். ஒன்பது நாள் நவநாள். மொத்தம் 540 யூனிட் மின்சாரம். அதே வெளிச்சத்தை 200 வாட் எல்.இ.டி. விளக்குகள் 108 யூனிட்டில் தந்துவிடும். ஜெனரேட்டரில் ஓட்டினால், ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட் என்று வைத்துக்கொண்டாலும் முந்தியதற்கு 180 லிட்டர் வேண்டும். ஒவ்வொரு லிட்டரும் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறது. டீசல் கரியோ பந்தலில் அமர்ந்திருப்பவர்களின் நெஞ்சுக்கே போகிறது. ஆகவே எல்.இ.டி. விளக்குகள் மட்டும், இரவு பத்தரைக்குக் கோபுர விளக்கைத் தவிர மற்றவை அணையட்டும். ஜெனரேட்டர் மின்தடைக்கு மட்டும். கூரையில் சூரிய ஒளித் தகடு வைப்பது பற்றியும் பேரவை ஆலோசிக்கட்டும். வத்திக்கானில் ஆறாம் பவுல் மண்டபத்தின் கூரையிலேயே 2008-இல் அவற்றைப் பொருத்தினார்கள்.

பதாகை

2019 செப்டம்பரில் பள்ளிக்கரணைச் சாலையில் ஒரு பதாகை சரிந்து விழுந்ததில், ஸ்கூட்டரில் சென்ற இளம் பெண் ஒருவர் லாரியில் சிக்கி உயிரிழந்தார். ஒரு குடும்பத்தின் விழாவுக்காக வைத்த பதாகை இன்னொரு குடும்பத்தின் பிள்ளையைக் கொண்டுபோயிற்று. போதாக்குறைக்கு, பிளெக்ஸ் மட்குவதில்லை. எரித்தால் நச்சு வாயுக்கள் எழுகின்றன. ஆகவே பொன்விழாவுக்குக் கோயில் முகப்பில் ஒரே ஒரு துணிப் பதாகை, பெயிண்டில் எழுதியது, ஆண்டு எண்ணை மாற்றி மறுபடி பயன்படுத்தத்தக்கதாக இருக்கட்டும். நன்கொடையாளர் படங்களும் வேண்டாம். பங்குத்தந்தையின் படம் நிச்சயமாக வேண்டாம். அந்த முகத்தை ஞாயிறுதோறும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்!

ஒலியும் வெடியும்

மணலி ஷிப்ட் வேலைக்காரர்களின் ஊர். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்குகிறார்; காலை ஷிப்டுக்குப் போகிறவர் நாலரைக்கே எழ வேண்டும். வால்வையும் கொதிகலனையும் கையாளும் மனிதனுக்குத் தூக்கம் போனால் அது அவர் ஒருவருக்கு மட்டும் ஆபத்தன்று. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன; விழா நாள்களில் நள்ளிரவு வரை தளர்த்த அரசுக்கு வரையறையுள்ள அதிகாரம் உண்டு. அதே 2000-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் இதைப் பற்றி வழங்கிய முக்கியமான தீர்ப்பு, நமக்குப் பக்கத்தில் மாதவரம் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு கிறிஸ்தவ சபையின் வழக்கில் வந்தது. பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டுமென்று எந்த மதமும் கூறவில்லை என்பது அதன் சாரம். ஆகவே நள்ளிரவுத் திருப்பலியில் ஒலி கோயிலுக்குள்ளேயே நிற்கட்டும். கேரல் பவனி லாரியும் ஒலிபெருக்கியும் இல்லாமல், கால்நடையாக, தபேலாவும் கஞ்சிராவும் குரலுமாகப் போகட்டும். பத்து மணிக்குள் முடியும்படி அன்பியங்களைப் பல மாலைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வெடியைப் பற்றி, 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் கிறிஸ்து பிறப்பு, புத்தாண்டு இரவுகளுக்கு 11.55 முதல் 12.30 வரை என்று நேரம் வகுத்தது, சரவெடியையும் தடுத்தது. சட்டம் முப்பத்தைந்து நிமிடம் தருகிறது. எண்ணெய்க் கிடங்கும் வாயுத் தொட்டியும் சூழ்ந்த ஊரில் ராக்கெட் விடுவது அறிவுடைமையா என்பதை உங்கள் தீர்ப்புக்கே விடுகிறோம். நம் கோயிலில் வெடி வேண்டாம், மணி இருக்கிறது. ‘உன்னதங்களிலே’ பாடும்போது பீடச் சிறுவர்கள் எல்லா மணிகளையும் அடிக்கட்டும்.

விருந்து

பொன்விழா விருந்துக்கு இரண்டாயிரம் பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பாயசக் கிண்ணம், ஒரு தண்ணீர்ப் பாட்டில் என்றால் ஒரே பகலில் எட்டாயிரம் பொருள்கள் குப்பையாகும். மழைநீர் வடிகால் வாயை அடைக்க அதில் பத்தில் ஒரு பங்கு போதும். மீதி கொடுங்கையூர்க் குப்பை மேட்டுக்குப் போகும். அங்கே தீப்பிடித்தால் வரும் புகை யார் வீட்டுக்கு வரும் என்று சொல்லத் தேவையில்லை. தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதலே பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், பூச்சுப் பூசிய தேநீர்க் கப், மேசை விரிப்பு, தூக்குப் பை முதலிய பதினான்கு பொருள்களைத் தடை செய்திருக்கிறது. 2021 டிசம்பர் 23-இல் மஞ்சப்பை இயக்கத்தையும் தொடங்கியது.

வாழையிலை இருக்க நமக்கு என்ன குறை? ஆனால் பந்திக்கு மேல் பந்தி போட இடம் போதாது, பாக்குமட்டைத் தட்டு விலை கூடுகிறது என்று விழாக் குழு சொல்கிறது. உண்மைதான். அதற்கு ஒரே முறை செலவில் ஒரு வழி உண்டு. முன்னெல்லாம் கோயில் அண்டாவும் குண்டானும் பங்கு மக்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போய் வந்தன. அதைப் போல, பொன்விழா நினைவாக எவர்சில்வர் தட்டும் டம்ளரும் ஆயிரம் ஆயிரமாக வாங்கி வைப்போம். நினைவுப் பொருள் என்று சாவிக்கொத்தும் சுவர்க் கடிகாரமும் கொடுப்பதை விட்டு, அந்தப் பணத்தை இதில் போடலாம். ஞானஸ்நானம், திருமணம், இறந்தோர் நினைவு நாள் எதுவானாலும் யாரும் கேட்டு வாங்கிப் போய்க் கழுவித் திருப்பித் தரட்டும். இதர மதச் சகோதரர்களுக்கும் கொடுப்போம். தண்ணீருக்கு ஆளுக்கு அரை லிட்டர் என்றால் இருபது லிட்டர் கேன் ஐம்பது போதும்.

இயேசு ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு அப்பம் பகிர்ந்தபின் சீடரிடம் சொன்ன வேலை என்ன? மிஞ்சிய துண்டுகளை வீணாகாமல் சேர்க்கச் சொன்னார். பன்னிரண்டு கூடை நிறைந்தது என்கிறார் புனித அருளப்பர். புதுமை செய்தவரே மிச்சத்துக்குக் கணக்கு வைத்தார். நாமும் அன்பியம்வாரியாக முன்னரே ஆள் எண்ணிச் சமைப்போம். இரண்டு தவணையாக உலை வைப்போம். மிஞ்சுவதைச் சூடு ஆறுமுன் வின்சென்ட் தே பால் சபையினர் வீடுகளுக்குச் சேர்ப்பார்கள். காய்கறித் தோலும் வாழையிலையும் கோயில் தோட்டத்து எருக்குழிக்குப் போகட்டும்.

போகியும் பொங்கலும்

பொங்கல் திருப்பலியை நாம் மகிழ்ச்சியோடு நிறைவேற்றுகிறோம். அதற்கு முந்திய விடியற்காலையைப் பற்றி மட்டும் ஒரு சொல். பழைய பாயும் ஓலையும் வறட்டியும் எரித்த காலத்து வழக்கம் அது. இன்று தெருவில் எரிவது டயர், ரெக்சின், பிளாஸ்டிக் குடம், நைலான் துணி. டயரிலிருந்து கந்தக வாயுவும் நுண்கரியும், பி.வி.சி.யிலிருந்து அமில வாயுவும் எழுகின்றன. எரித்தவர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இழுப்பு நோயாளிகள் மறுநாள் மருத்துவமனை வாசலில் நிற்கிறார்கள். ஆகவே போகிக்கு முந்திய சனி, ஞாயிறுகளில் கோயில் வளாகத்தில் பழைய பொருள்களைப் பெற்றுக்கொள்வோம். உடுத்தத்தக்க துணி உடுத்துவோருக்கு. இரும்பும் காகிதமும் பழைய பேப்பர் கடைக்கு. டயரும் மற்றவையும் மாநகராட்சி வண்டிக்கு. பழைய கோபத்தையும் மனஸ்தாபத்தையும் எரிக்க விரும்புவோருக்கு அன்று மாலை பாவசங்கீர்த்தனத்துக்கு நாம் காத்திருப்போம்.

மழைக்கு இடம் விடுவோம்

வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் நம்மை விடுவதில்லை. ஆகவே திறந்தவெளி நிகழ்ச்சிகளைத் தையின் பிற்பகுதிக்கு வைப்போம். டிசம்பர் முதல் இரு வாரங்களில் பங்கு மண்டபத்தை அலங்காரச் சாமான்களால் நிரப்பாமல், வெள்ளம் வந்தால் அக்கம்பக்கத்தார் எவரும் வந்து தங்கும்படி காலியாக வைத்திருப்போம். அரிசி, போர்வை, குளோரின் மாத்திரை, ஜெனரேட்டருக்கு டீசல் ஆகியவை அங்கே தயாராக இருக்கட்டும். சத்திரத்தில் இடம் இல்லாமற்போனவர் பிறந்த நாளைக் கொண்டாடும் பங்கில், வெள்ளத்தில் வந்தவருக்கு இடம் இல்லை என்று சொல்லும் நிலை வரக் கூடாது.

கணக்கு

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு விழாவுக்கும் பின் காணிக்கைக் கணக்கைக் கோயிலில் வாசிக்கிறோம். இனி அதனோடு இன்னொரு கணக்கும் வாசிப்போம்: எத்தனை கிலோ குப்பை சேர்ந்தது, எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை லிட்டர் டீசல், எவ்வளவு உணவு மிஞ்சி எங்கே போயிற்று. இளைஞர் இயக்கத்தினர் ஒரு தராசையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொள்ளட்டும். மரியாயின் சேனையினர் பாத்திர அறையைக் கவனிக்கட்டும். மிச்சமாகும் பணம் வெள்ள நிவாரணச் சேமிப்புக்கும், தொழில் இழக்கும் மீனவக் குடும்பங்களின் பிள்ளைகளுடைய படிப்புக்கும் போகட்டும். இது பேரவையின் முடிவுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள்.

“சாமி, இப்படிச் செய்தால் விழா களை இழந்துவிடாதா?” என்று ஒரு தாய் நம்மிடம் கேட்டார். விழாவுக்குக் களை தருவது எது, அம்மா? புத்தாடை அணிந்த பிள்ளை, கூடிப் பாடும் குரல், பகைத்தவர் கை கொடுப்பது, பசித்தவர் வயிறு நிறைவது, பீடத்தில் ஆண்டவர் எழுந்தருள்வது. இவற்றில் ஒன்றைக்கூட நாம் குறைக்கச் சொல்லவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பல ஊர்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம் பெற்றோர் ஓலைக் கொட்டகையில் முதல் திருப்பலி கண்டபோது, அங்கே பிளெக்ஸும் தெர்மாகோலும் இல்லை, களைக்கும் குறைவில்லை.

இந்த மண் நமக்குச் சோறு போட்டது. நம் இறந்தோரை ஏற்றுக்கொண்டது. நம் பேரப்பிள்ளைகள் மூச்சு விடப்போவதும் இதன் காற்றைத்தான். யூபிலி ஆண்டில் அதற்குச் சிறிது ஓய்வு கொடுப்போம். வானையும் பூமியையும் படைத்து, அவற்றை நல்லவையெனக் கண்ட தந்தையும், மாட்டுத் தொழுவத்தில் பிறக்கத் திருவுளமான மகனும், பூமியின் முகத்தைப் புதுப்பிக்கும் தூய ஆவியாரும் உங்களையும் உங்கள் இல்லங்களையும் இந்த மணலி மண்ணையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக! ஆமென்.